பதினான்காவது சட்டம்

காலை ஆறு இருபதுக்கெல்லாம்
கடல் வெளியே போய்விட்டிருந்தது,
படகுகளைச் சேற்றில் ஒருக்களித்துப் படுக்கவிட்டு.
சீலோயே தீவில் அப்படித்தான்.
போனால் வெகுதூரம் போகும்,
திரும்பினால் ஆளைக் கேட்காது.

எங்களுக்கு இரண்டரை மணி நேரம்.
பதினேழு பேர்.
பூட்ஸில் ஒன்பது ஜோடி பள்ளியுடையது,
மீதி அண்ணன்மார்களுடையது, இரண்டு அளவு பெரியது.
ஒவ்வோர் அடிக்கும் சேறு ஒரு முத்தச் சத்தம் போட்டது,
யாரோ ஒருத்தி ஒவ்வொரு முறையும் சிரித்தாள்.

பிவிசி குழாய் நான்கு துண்டு, நான்கு முழங்கை.
அரை மீட்டருக்கு அரை மீட்டர்.
இது சட்டம்.
கண்ணை மூடி முதுகுக்குப் பின்னால் எறிய வேண்டும்,
விழுந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது.
அதுவும் சட்டம்.

யெர்கோ எறிந்தது சிப்பித் திட்டில் விழுந்தது.
திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்த கருநீலம்.
எண்ணி எண்ணி விரல் மரத்து
இருநூற்றுப் பதினொன்று என்றோம்.
இல்லை, பன்னிரண்டு.
ஒன்று பாசிக்கு அடியில் மூச்சடக்கி இருந்தது.
தானிட்சா ஒவ்வோர் ஓட்டையும்
நகத்தால் தட்டிப் பார்த்தாள்.
ஆளில்லாத வீடுகள் கணக்கில் சேராது.

பென்சில் என்னிடம்.
பேனா இந்த ஊர் மழைக்கு அழுதுவிடும்.

பதினான்காவது என் முறை.
எறிந்தேன், திரும்பினேன்:
வெறும் மணல்.
இஸ்திரி போட்டதுபோல.

"ஓரடி தள்ளினால் நண்டு இருக்கு,"
யெர்கோவின் கால்விரல் குழாயைத் தொட்டுவிட்டது.
"யாரு பார்க்கப்போறா?"
ருமினோ டீச்சர் தூரத்தில்
தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் சட்டத்தின் மேல் ஏறி நின்றேன்.

கட்டத்தை வெறுமையாக விட்டால்
பார்க்கவில்லை என்று அர்த்தம்.
பூஜ்யம் போட்டால்
பார்த்தேன், இல்லை என்று அர்த்தம்.
இதை நான் உரக்கச் சொல்லவில்லை,
சொல்லியிருந்தால் வருஷம் முழுக்கக் கேலி செய்திருப்பார்கள்.

மண்டியிட்டு விரலால் அரித்தேன்.
சிப்பி பூஜ்யம். நத்தை பூஜ்யம். நண்டு பூஜ்யம்.
புழுவின் சுருள்கூட இல்லை.
பிறகு ஒரு நீல நுனி.

இழுக்க இழுக்க வந்தது,
முழங்கை நீளத்துக்குக் கயிறு.
சால்மன் கூண்டுகளைக் கட்டும் நீலம்.
கரையில் எல்லார் வீட்டிலும்
அந்த நீலத்தில் ஏதாவது ஒன்று தொங்கும்,
துணிக்கொடி, நாய்க்கயிறு, ஊஞ்சல்.
யெர்கோவின் அப்பா கூண்டில்தான் வேலை.
அவன் ஒன்றும் பேசவில்லை.
அவனைப் பார்க்காமலிருக்க
நாங்களும் கயிற்றையே பார்த்தோம்.

அப்போதுதான் தெரிந்தது,
முறுக்குகளுக்கு நடுவே ஏழு கொட்டலசு,
படகின் அடிவயிற்றில் அப்பா சுரண்டி எறியும் அதே பண்டம்.
தானிட்சா உள்ளங்கையில் கடல்நீர் ஏந்திக் காட்டினாள்.
ஒன்று கதவைத் திறந்தது.
இமைமயிர் போன்ற காலை நீட்டித்
தண்ணீரை வாரிக்கொண்டது.
பிறகு இன்னொன்று.

உயிரா? உயிர்தான்.
சட்டத்துக்குள்ளா? உள்ளேதான்.
ஆனால் தாளில்,
எதன்மேல் வாழ்கிறது என்ற இடத்தில்
பாறை, மணல், சேறு, ஓடு,
நான்கே நான்கு.

யெர்கோ என் கையிலிருந்து பென்சிலை வாங்கினான்.
ஐந்தாவதாக ஒரு கோடு இழுத்து
கயிறு என்று எழுதினான்,
தன் பெயரை எழுதும்போது எடுக்கும்
அதே நிதானத்தோடு.

திரும்ப மணலில் போட்டால் குப்பை.
மூட்டைக்குள் போட்டால் ஏழு சாவு.
இதற்குச் சட்டம் இல்லை.
நாங்கள் தகராறு செய்துகொண்டிருக்கும்போதே
கடல் வந்து பூட்ஸை மோந்து பார்த்தது.

பேருந்தில் ஈரக் கம்பளி வாடை.
யாரோ மில்காவ் பிய்த்துக் கொடுத்தார்கள்,
சேற்றுக் கையோடு தின்றோம்.
யெர்கோவின் முழங்கால்களுக்கு நடுவே வாளி,
வளைவுதோறும் அவன் மடியில் கொஞ்சம் கடல்.
உள்ளே ஏழும்
திறந்து திறந்து மூடின.
அவன் இறங்கும் நிறுத்தம் வந்தது, போனது.
அவன் எழுந்திருக்கவில்லை.